மதகடியில் நின்ற கோடுகள்

பயிற்சியின் நான்காம் நாள் எங்கள் ஊரைச் சுவரில் பார்த்தேன்.

சனசமூக நிலையத்தின் யன்னல்களைப் பழைய சேலைகளால் மூடியிருந்தார்கள். சோளகக் காற்று வீசும்போது சேலைகள் உள்ளே உப்பி வந்து திரும்பப் போயின. அதனால் வானத்திலிருந்து எடுத்த படமாகச் சுவரில் விழுந்த ஊரும் மூச்சு விடுவதுபோல் வெளுத்தும் கறுத்தும் தெரிந்தது. மேலிருந்து பார்த்தால் பனைகள் மை தெளித்த மாதிரி இருக்கின்றன. வற்றிய குளம் கழுவிக் கவிழ்த்த கோப்பைபோல் கிடந்தது. அறுபத்தொரு வருடங்களாக இருந்த ஊர். இடையில் இடம்பெயர்ந்து ஏழு வருடம் வெளியில். ஆனாலும் என் வீட்டுக் கூரையைத் தேடிப்பிடிக்கச் சற்று நேரம் எடுத்தது.

அடுத்த பத்து வருடத்துக்கு ஊரில் எதை எங்கே கட்டுவது என்று திட்டம் போடுகிறார்கள். முன்பெல்லாம் அலுவலகத்தில் இருந்தே போட்டுவிடுவார்கள். இம்முறை ஊர்ச்சனங்களே போனை எடுத்துக்கொண்டு நடந்து, தாங்கள் பயன்படுத்தும் இடங்களைப் படத்தில் குறிக்க வேண்டும் என்றார்கள். அதைச் சொல்லித்தர யாழ்ப்பாணத்திலிருந்து கஜானி என்ற பிள்ளை வந்தாள். நாங்கள் குறிப்பதை எப்படி வாசிப்பது என்று பழக, திட்டமிடல் அலுவலகத்து வசீகரனும் எங்களோடு அதே வாங்கில் அமர்ந்திருந்தார். வவுனியாப் பக்கத்து ஆள். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். எங்களைப் போலவே அவரும் கொப்பியில் எழுதினார்.

வகுப்பில் பதினேழு பெண்கள். ஆண்கள் வேலைக்குப் போய்விடுவதால் அரியநாயகம் அண்ணை ஒருவர்தான் ஆம்பிளை. "நான் தேத்தண்ணியோட தாற ரோல்சுக்கு வந்தனான்" என்று முதல் நாளே உண்மையைச் சொல்லிவிட்டார்.

மூன்று நாட்கள் நாங்கள் போனைத் திறந்து வைத்தபடி ஊருக்குள் நடந்தோம். ஒவ்வொருவர் நடந்த வழியும் ஒவ்வொரு நிறக் கோடாகச் சுவரில் இருந்தது. பக்கத்து வீட்டுக் கோசலாவின் கோடு பச்சை. கஜானி அதில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்தப் படலையில முக்கால் மணித்தியாலம் நிண்டிருக்கிறீங்கள் அக்கா."

"அது சின்னாச்சியம்மா வீடு. சுகம் விசாரிச்சனான்."

"சுகத்தையோ, ஊரையோ?" என்றார் அரியநாயகம் அண்ணை. எல்லோரும் சிரித்தார்கள்.

என் கோடு ஊதா. அதன் நுனியில் என் கணவரின் பெயர் இருந்தது: தியாகலிங்கம். போன் அவருடையது. போன ஆவணியில் அவர் போன பிறகு அதை நான்தான் வைத்திருக்கிறேன். பெயரை மாற்றித் தருவதாகக் கஜானி சொன்னாள். வேண்டாம் என்றேன். கடை, கோயில், கிணற்றடி, தபால் கந்தோர் என்று அவருடைய பெயர் மெல்ல மெல்ல ஊர் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசிகசாலையில் முப்பது வருடம் வேலை செய்தவள் நான். எழுதிய பெயர் தானாக நடந்து போனதை இதற்குமுன் கண்டதில்லை.

பிறகு வசீகரன் எழுந்து, தங்களுடைய முதல் வரைவை எங்கள் கோடுகளின் மேல் விரித்தார். மேற்குக் கரையில் பெரிய பச்சைத் திட்டு ஒன்று விழுந்தது.

"கடற்கரைப் பூங்கா. இதில வாகனம் நிப்பாட்டுற இடம். பிள்ளையளுக்கு ஊஞ்சல். இந்தப் பக்கம் ஒருத்தரும் ஒண்டும் குறிக்கேல்லை. வெறும் காணிதானே?"

சேலைகள் உப்பின. சுவரிலிருந்த பச்சை எங்கள் பக்கம் வந்து பின்வாங்கியது.

"தம்பி," என்றார் அரியநாயகம் அண்ணை, "அப்ப எங்களை எரிக்கிறது எங்க? ஊஞ்சலுக்குக் கீழயோ?"

ஒரு கணம் கழித்துத்தான் சிரிப்பு வந்தது, அதுவும் அரைகுறையாக. வசீகரன் சிரிக்கவில்லை. கொப்பியைத் திறந்து, பழைய பக்கங்களைப் புரட்டி, "எங்கட பதிவில பத்தைக் காணி எண்டுதான் இருக்கு" என்றார். சண்டைக்கு முன் அங்கே சுடலைக்கு ஒரு மண்டபம் இருந்தது. ஊர் திரும்பி வந்தபோது இல்லை. பிறகு யாரும் கட்டவில்லை.

அப்போதுதான் நான் கோடுகளைச் சரியாகப் பார்த்தேன். கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் பச்சை, சிவப்பு, மஞ்சள், என்னுடைய ஊதா எல்லாமே இறங்குகின்றன. மதகு வந்ததும் எல்லாம் நிற்கின்றன. ஒன்றுகூட ஓரடி தாண்டவில்லை. தண்ணீரால் கீறிய கோட்டைக் கண்ட எறும்புகள்போல் அதில் நின்று, திரும்பி, வந்த வழியே வந்திருக்கின்றன. யாரும் எங்களுக்கு அங்கே நில்லுங்கள் என்று சொல்லவில்லை. எங்கள் கால்களே நின்றிருக்கின்றன.

செத்த வீடுகளில் பெண்கள் அந்த மதகு வரைதான் போவோம். அதற்கப்பால் ஆண்கள். அவரைக் கொண்டுபோன அன்று என்னை இரண்டு பேர் கையைப் பிடித்து அங்கேயே நிறுத்தினார்கள். ஒழுங்கை வளைகிற இடத்தில் பாடை மறைந்தது. பறைச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் போனது. பிறகு அதுவும் நின்றது. எந்த இடத்தில் நின்றது என்று இந்தப் பத்து மாதமாகக் கூரை முகட்டைப் பார்த்தபடி நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கொள்ளி வைத்தது அவருடைய தம்பியின் மகன் அனோஜன். அவன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் பிரான்சுக்குத் திரும்பிவிட்டான். போனில் கேட்டேன். "அங்க என்ன பெரியம்மா, வெறும் வெட்டை வெளிதான்" என்றான். முப்பத்தாறு வருடம் பக்கத்தில் படுத்திருந்த மனிதன் எந்த இடத்துக்குப் போனார் என்று எனக்குத் தெரியாது. இப்போது அந்த இடத்தில் ஊஞ்சல் கட்டப் போகிறார்கள்.

"இண்டைக்கு நாலு மணிக்குப் படம் பூட்டுப்படும், பிறகு ஒண்டும் குறிக்க ஏலாது," என்றாள் கஜானி. "அதுக்குமுன்னம் ஆராவது அங்க போய் நிண்டு புள்ளி வைக்கவேணும். ஒரு படமும் எடுக்கவேணும்."

"நீங்களே வையுங்கோவன் தம்பி," என்றாள் கோசலா வசீகரனிடம்.

"நான் வைச்சால் அது அலுவலகத்தின்ர புள்ளி. அதை மேல இருக்கிறவை ஒரு கீறில அழிச்சுப்போடுவினம். நீங்கள் வைச்சால் அழிக்கிறதுக்குக் காரணம் எழுதவேணும்."

"அப்ப அண்ணை போகட்டும்."

"என்னட்டை இருக்கிறது பட்டன் போன், பிள்ளை. முழங்காலும் விடாது. அடுத்த முறை நான் அங்க போகேக்க நாலு பேர் காவுவினம்."

"உங்கட போனைக் குடுங்கோவன் கோசலா அக்கா, நான் கொண்டுபோறன்" என்றாள் கஜானி.

கோசலா போனைச் சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஐயோ, என்ர போனில சுடலையைப் போட ஏலாது! பிறகு அங்கயிருந்து கோல் வரும்."

பின்னால் இருந்த வாங்கில் ஒருத்தி தன் போனை நிறுத்தியே விட்டாள். மணி இரண்டே முக்கால்.

"நான் போறன்," என்றேன்.

"இலட்சுமியக்கா, விசரே?" என்றாள் கோசலா. "பொம்பிளையள் போறதில்லை."

"பாடையோட போறதில்லை. பாடை இல்லாமல் போகக்கூடாதெண்டு ஆர் சொன்னது?"

"அக்கா, போனில..."

"இது என்ர போனில்லை கோசலா. அவரின்ர. அவர் ஏற்கெனவே அங்க போனவர்தானே."

அரியநாயகம் அண்ணை, "வளைவு தாண்டினால் இடக்கைப் பக்கம், தங்கச்சி. கடல் தெரியிற வரைக்கும் போகவேணும்" என்றார்.

கோசலா மதகு வரை வந்தாள். அங்கே செருப்பைக் கழற்றிவைத்து அதன்மேல் குந்தினாள். "நான் இதில இருக்கிறன். இடைக்கிடை கூப்பிடுவன். நீங்கள் பதில் சொல்லவேணும், சரியோ?"

நான் போனைத் திறந்தேன். திரையில் எல்லா நிறங்களும் என் காலடியில் நின்றன. அதற்கப்பால் வெறும் மண்ணிறம். நீலப் புள்ளி ஒன்று, அதன்மேல் அவருடைய பெயர். நான் ஓரடி வைத்தேன். சற்றுத் தாமதித்து அந்தப் புள்ளியும் ஓரடி வைத்தது.

பின்னேர வெயிலில் அந்த ஒழுங்கைக்கு நிழல் இல்லை. இரண்டு பக்கமும் ஈச்சம்பற்றை, கொஞ்சம் பனை வடலி. காற்று என் சேலையை முன்னால் தள்ளியது. நான் நடக்கவில்லை, யாரோ என்னைக் கூட்டிப்போகிறார்கள் என்று பட்டது. போனில் பார்த்தால் அவர் எனக்கு ஒரு அடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். சந்தைக்குப் போகும்போதும் அப்படித்தான், சேர்ந்து நடக்கத் தெரியாத மனிதர். "கொஞ்சம் மெல்லமாப் போங்கோவன்," என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"என்னக்கா?" என்று கோசலா தூரத்திலிருந்து கத்தினாள்.

"உனக்கில்லை!"

வளைவு தாண்டியதும் அவள் குரல் மங்கியது. கடல் தெரிந்தது. அலை இல்லாத எங்கள் பக்கத்துக் கடல். வானம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாத வெளிச்சம். நாரைகள் தண்ணீரிலா காற்றிலா நிற்கின்றன என்று தெரியவில்லை.

இடக்கைப் பக்கம் திரும்பினேன்.

சிறிய வெளி. நடுவில் உடைந்த சீமெந்துத் தரை, கறுத்துப் போயிருந்தது. சுற்றிவர மண்முட்டி ஓடுகள். கொள்ளிக் குடங்கள் உடைந்து உடைந்து வருடக்கணக்காகக் கிடக்கின்றன. பழையவை உப்பேறி வெளிறி, புதியவை இன்னும் சிவப்பாக. இடையில் நண்டு வளைகள். ஒரு நண்டு ஓட்டுத் துண்டொன்றின் கீழ் போய் நின்று என்னைப் பார்த்தது. எனக்குப் பயம் வரவில்லை. கதவு திறந்திருக்கும் ஒரு வீட்டுக்குள், எல்லோரும் எங்கோ பின்வளவில் இருக்கும் நேரத்தில் போய்விட்டதுபோல் இருந்தது. எது அவருடைய ஓடு என்று குனிந்து தேடினேன். பத்து மாதத்துச் சிவப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு தேடுவதை விட்டேன்.

புள்ளி வைத்தேன். படம் எடுத்தேன். போன் கேட்டது: இடத்தின் வகை? பாடசாலை, கோயில், சந்தை, விளையாட்டுத் திடல், குளம் என்று வரிசையாக இருந்தன. சுடலை இல்லை. "மற்றவை" என்பதைத் தொட்டு, பெயரை எழுதினேன்.

இந்த இடத்தை யார் பயன்படுத்துகிறார்கள்?

எல்லோரும், என்று எழுதினேன்.

எத்தனை முறை? நாளாந்தம், வாராந்தம், மாதாந்தம், மற்றவை.

மற்றவையைத் தொட்டேன். ஒரு தரம், என்று எழுதினேன்.

அனுப்பும்படி கொடுத்ததும் வட்டம் சுற்றத் தொடங்கியது. அங்கே சிக்னல் ஒரு கோடுதான். அதுவும் வந்து வந்து போனது. மூன்று மணி இருபத்தைந்து. போனைத் தலைக்குமேல் தூக்கினேன், கடல் பக்கம் நீட்டினேன், சீமெந்தில் ஏறி நின்றேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. திரும்பி மதகடிக்குப் போனால் உடனே போய்விடும் என்று தெரியும். ஆனால் இங்கிருந்து போகட்டும் என்று ஒரு பிடிவாதம் வந்தது. போனை மடியில் வைத்துக்கொண்டு கரையோரம் அமர்ந்தேன்.

அந்த அரை மணித்தியாலத்தைப் பற்றி அதிகம் எழுத என்னிடம் இல்லை. ஓடுகளுக்குள் காற்று புகுந்து சின்னச் சின்னச் சத்தங்கள் வந்தன. குசினிப் பைப் ஒழுகுகிறது, சைக்கிளை அனோஜனின் தகப்பனுக்குக் கொடுத்துவிட்டேன், மாமரம் இந்த முறை காய்க்கவில்லை என்று சொல்ல வேண்டியவற்றைச் சொன்னேன். முகட்டுக்குச் சொல்வதைவிட அங்கே சொல்வது இலகுவாக இருந்தது. ஒருமுறை மடியில் போன் அதிர்ந்தது. அனுப்பப்பட்டது என்று எழுதியிருந்தது. மூன்று ஐம்பத்தெட்டு.

நான் மதகுக்கு வந்தபோது கோசலா அழுதிருந்தாள். கத்திக் கத்தித் தொண்டையும் கட்டிப்போயிருந்தது.

"பதில் சொல்லச் சொன்னனானெல்லோ! என்னைத் தொடாதையுங்கோ, முதல்ல தோய்ஞ்சுபோட்டு வாங்கோ." கிணற்றடியில் வாளி வாளியாக அவளே அள்ளி ஊற்றினாள். தொடாமல், எட்ட நின்று.

இரண்டு கிழமை கழித்து வசீகரன் தொலைபேசியில் எடுத்தார். புள்ளியில் இருந்த பெயரைப் பார்த்துத் "தியாகலிங்கம் ஐயாவோ?" என்று தொடங்கி, என் குரல் கேட்டதும் மன்னிப்புக் கேட்டார்.

"அன்ரி, உங்கட புள்ளியில ஒரு சந்தேகம். எத்தனை முறை எண்ட இடத்தில ஒரு தரம் எண்டு போட்டிருக்கிறீங்கள். மேலிடத்தில கேக்கினம். வருசத்துக்கு ஒரு தரமோ?"

"இல்லைத் தம்பி. ஆளுக்கு ஒரு தரம்."

அந்தப் பக்கத்தில் தட்டச்சுச் செய்யும் சத்தம் கேட்டது.

"அப்பிடியே எழுதுறன் அன்ரி," என்றார். "பூங்காவைப் பழைய இறங்குதுறைப் பக்கம் தள்ளிக் கீறியிருக்கிறம். ஆனால் ஒண்டு கேக்கவேணும். அந்த ஒழுங்கையைத் திருத்தலாமெண்டு இருக்கு. எதுவரைக்கும் கல் போடுறது, மதகு வரைக்குமோ?"

"இல்லை," என்றேன். "கடல் வரைக்கும் போடுங்கோ."