அக்காவின் வாயிலிருந்து வராத சத்தம்

போன வருடம் அந்தக் காட்டில் கத்தியது நான். பழி விழுந்தது என் அக்காவின் தலையில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை கேட்டுவிட்டு என்னை நல்லவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அக்காவும் நானும் முப்பத்தோரு வருடம் ஒரே மில்லில் தறி ஓட்டியவர்கள். இருநூறு தறிகள் ஒன்றாக ஓடும் கூடத்தில் காது படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. அக்காவுக்கு இரண்டு காதும் போய்விட்டன. எனக்குப் பாதி மிச்சம். மில்காரிகளுக்குத் தொண்டையில் ஒரே அளவுதான்; நாங்கள் ரகசியம் பேசினால் எதிர்வீட்டுக்காரி பதில் சொல்வாள். கூடத்துக்குள் மட்டும் சத்தமில்லாமல் உதட்டை அசைத்து, கையைக் காட்டிப் பேசிக்கொள்வோம். மேஸ்திரியை அவர் முகத்துக்கு நேராகத் திட்ட அதைவிட வசதி வேறு கிடையாது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இரண்டு பேருமாக அந்தத் தேசியப் பூங்காவுக்குப் போனோம். காட்டுக்குள் மூன்று கிலோமீட்டர் ஏறினால் ஒரு குளம். கரையில் பலகை அடித்த மறைகுடில். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து, நீளமான திறப்பு வழியாகப் பார்க்கலாம். மூச்சைக்கூட மெல்ல விட வேண்டும் என்பது அங்கே சட்டம். தண்ணீர் குடிக்கக் கரடி வந்தது. பின்னாலேயே உருண்டு உருண்டு இரண்டு குட்டிகள். "அக்கா, குட்டி பாரு!" என்றேன். கிசுகிசுத்ததாகத்தான் நினைத்தேன். கரடி ஒரே பாய்ச்சலில் புதருக்குள் போய்விட்டது.

குடிலில் கூட இருந்த எல்லோரும் திரும்பினார்கள். என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார்கள். அவளுக்குக் காது கேட்காது என்று வரும்போதே அவர்களிடம் சொல்லியிருந்தோம். அதுவே போதுமானதாக இருந்தது. "செவிட்டுப் பொம்பளைய எதுக்கு இங்கெல்லாம் கூட்டிட்டு வரணும்?" என்றாள் ஒருத்தி. அக்கா அவள் உதட்டைப் படித்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "நானாடி கத்துனேன்?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாவி, குனிந்துகொண்டேன்!

தன் குரல் தனக்கே கேட்காதவள் வேறு என்ன செய்வாள்? நம்பிவிட்டாள். அன்றோடு வாயை மூடினாள். கடையில் விரலால் காட்டி வாங்கினாள். வீட்டில் உதட்டை மட்டும் அசைத்தாள். அவள் மகள் பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப்போனாள். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று அவர் அனுப்பிவிட்டார். "அம்மாவுக்குப் பேச்சும் போயிடுச்சு சித்தி" என்று மகள் என் தோளில் அழுதாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை அந்த வீட்டு வாசல்வரை போனேன். உள்ளே போனதும் டீ இருக்கிறதா என்று கேட்டுக் குடித்துவிட்டு வந்தேன். எனக்கெல்லாம் வாய் என்று ஒன்று எதற்கு?

ஒரு வருடம் ஆனதும் முடிவெடுத்தேன். எங்கே அவளைத் தலைகுனிய வைத்தேனோ அங்கேயே சொல்வது, வந்தது வரட்டும். அக்கா வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். "அப்ப நான் தனியா போய்க் கரடிகிட்ட கடிபட்டுச் சாகிறேன்" என்றேன். வந்தாள்.

பூங்கா வாசலில் போன வருடம் சீட்டுக் கொடுத்த அதே வனக்காவலர். அக்காவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "போன வருஷம் கத்துன அம்மாதானே?"

அக்கா அந்தப் பக்கம் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கத்துனது அவங்க இல்ல சார், நான்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதை என்கிட்ட ஏம்மா சொல்றீங்க? அவங்ககிட்ட சொல்லுங்க."

"அதுக்குத்தான் வந்திருக்கேன்."

"சத்தம் மட்டும் வந்துச்சு, ரெண்டு பேரும் வெளிய" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

என் முழங்கால் பாதி வழியிலேயே கைவிரித்துவிட்டது. ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு விடாமல் ஏறினேன். குடிலுக்கு முன்னால் அக்கா நின்றுவிட்டாள். "நீ போய்ப் பாரு. நான் வெளிய உக்காந்துக்கறேன். என் வாயை நம்ப முடியாதுடி, எனக்குத் தெரியாமலே வந்துடுது" என்று உதட்டை அசைத்தாள். நான் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அவள் கழுத்துத் துணியை எடுத்து வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

உள்ளே இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். ஒருவர் குழந்தையைப் போலக் கேமராவை மடியில் வைத்திருந்தார். ஒரு மணி நேரம் போயிருக்கும். எதிர்க்கரையில் புதர் அசைந்து கரடி வந்தது. இந்த முறையும் இரண்டு குட்டிகள். ஒன்று தண்ணீரில் காலை வைத்து, சில்லிட்டதும் பின்வாங்கி அம்மாவின் வயிற்றில் முட்டியது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கரடியைப் பார்க்கவில்லை. ஒரு கணம் குளத்தைப் பார்ப்பாள், உடனே பக்கத்திலிருப்பவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். யாராவது தன் பக்கம் திரும்புகிறார்களா என்று தேடினாள். தன் வாயிலிருந்து சத்தம் வந்ததா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வேறு வழி ஏது? இரண்டு கையாலும் துணியை அழுத்திப் பிடித்திருந்தாள்.

அவள் முழங்கையைத் தட்டினேன். பழைய கூடத்துப் பேச்சில், உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னேன். "அன்னைக்குக் கத்துனது நீ இல்ல. நான். நீ கேட்டப்ப வேணும்னேதான் குனிஞ்சுக்கிட்டேன்."

அவளுக்குப் புரியவில்லையோ என்று இன்னொரு முறை சொன்னேன். நெஞ்சில் விரல் வைத்து, நான், நான் என்று காட்டினேன்.

அக்கா துணியைக் கீழே இழுத்தாள்.

"ஒரு வருஷம்டி! பாதகத்தி, ஒரு வருஷம் நான் வாயைத் திறக்கலடி!"

அப்பப்பா, என்ன குரல்! இருநூறு தறியையும் தாண்டிக் கேட்ட அதே குரல். பலகையெல்லாம் அதிர்ந்தது. கரடி குட்டிகளைத் தள்ளிக்கொண்டு காட்டுக்குள் ஓடியது. கேமராக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். நான்கு முகமும் அக்கா பக்கம் திரும்பின. இந்த முறை அவள் தலை குனியவில்லை. "என்ன பாக்குறீங்க? நான்தான் கத்துனேன். வேணும்னுதான் கத்துனேன்" என்று அவர்களிடமும் சொன்னாள்.

ரோந்துக்கு மேலே ஏறி வந்திருந்த அதே காவலர் சத்தம் கேட்டு வந்து எங்களை வெளியே அனுப்பினார். இறங்கும் வழி முழுக்க அக்கா அவரோடு பேசிக்கொண்டே வந்தாள். கரடிக்கு என்ன வயது, குட்டி எத்தனை மாதம் பால் குடிக்கும், மழையில் எங்கே ஒதுங்கும் என்று. அவர் ஒவ்வொன்றுக்கும் நின்று, அவளுக்கு உதடு தெரிகிற மாதிரி பதில் சொன்னார். நான் குச்சியை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டு ஒருவனோடு சண்டை போட்டு ஜெயித்தாள். என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினெட்டு நாள் ஆகிறது. தினமும் போகிறேன். கதவைத் திறப்பாள், என் உதட்டைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் பார்க்காவிட்டால் நான் எப்படிப் பேசுவது? நான் என்ன சொன்னாலும் அது சுவரோடுதான். நேற்று சமையலறையிலிருந்து மகளிடம், "வந்தவளுக்கு டீ போட்டுக் குடு" என்றாள். தெருவுக்கே கேட்டது.

நாளைக்கும் போவேன்.