இருபத்தேழாம் பக்கம், நாலாம் வரி

இலங்கை மலைநாட்டு அட்டன் கடைவீதியிலிருந்து மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தேயிலைத் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிச் சேலை விற்றவர்களில், "இது ரெண்டு தண்ணிக்கு மேல தாங்காதுங்க" என்று கேட்காமலே சொல்லுகிற ஒரே வியாபாரி முத்துலிங்கம்தான். மனைவி ராசம்மா கூட நடந்த காலத்தில் அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவள் காலால் அவருடைய வலதுகால் கட்டை விரலை மிதிப்பாள். மிதித்த மிதியில் நகம் கறுத்தே போயிருந்தது. அவள் போன பிறகு நகம் வெளுத்தது, வியாபாரம் கறுத்தது. ஆனாலும் படுத்துவிடவில்லை. தன் சரக்கையே குறை சொல்லுகிறவன் மூட்டையின் அடியில் நல்லதை ஒளித்து வைத்திருக்கத்தான் வேண்டும் என்று லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் அடிவரை கிளறி, கிளறிய பாவத்துக்கு ஒன்றை வாங்கியும் விடுவார்கள்.

இப்படிப்பட்ட மனுசர் வாழ்நாளில் ஒரே ஒரு பொய் சொன்னார். அதையும் வாயால் சொல்லாமல், முந்நூறு பிரதி அச்சடித்துச் சொன்னார்.

நடந்தது இவ்வளவுதான். முப்பத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மழையில் ஆட்டுப்பட்டித் தோட்டத்துக்குச் சேலை விற்கப் போன இடத்தில் ராசம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. கொழுந்தெடுக்கிற மீனம்மா தன் ஒற்றையறைக் காம்பராவில் இடம் கொடுத்தாள். ராசம்மா பதினோரு நாள் கிடந்தாள். லயமே மாறி மாறிக் கஞ்சி கொண்டு வந்தது, விறகு கொண்டு வந்தது, கம்பளி கொண்டு வந்தது. பதினோராம் நாள், நானுஓயா ஸ்டேஷன் கிளார்க்கின் சம்சாரம் மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை கேட்டிருந்தது ஞாபகம் வந்து, அது விற்றால் வெளி டாக்டரைக் கூட்டி வரலாம் என்று முத்துலிங்கம் புறப்பட்டுப் போனார். போன இடத்தில் அந்த அம்மாளிடம், பார்டர் சாயம் போகும் என்று சொல்லிவிட்டார். சேலையோடு திரும்பி வந்தபோது ராசம்மா இல்லை. அந்தச் சேலையைத்தான் அவள்மேல் போர்த்திக் கொண்டுபோனார்கள்.

ராசம்மாவுக்குப் போட்டோ கிடையாது. அவள் பெயர் எந்தக் கடுதாசியிலும் ஏறியதில்லை. ஒரு தாளிலாவது அவள் இருக்கட்டுமே, நாலு பேர் வாசித்து இப்படி ஒருத்தி இருந்தாளா என்று கேட்கட்டுமே என்று முத்துலிங்கம் பாட்டுக் கட்டத் தொடங்கினார். பதின்மூன்று வருஷம் கட்டினார். சேலை மடிப்புக்குள் வைக்கிற அட்டையில் எழுதி எழுதி வைத்தார். இருபத்தேழாம் பக்கத்து நாலாம் வரிக்கு வந்ததும் பேனா நின்றது. நின்ற பேனாவை ஒரு வருஷம் தள்ளிப் பார்த்துவிட்டு, கடைசியில் இப்படி எழுதினார்: "என்மடியில் தலைசாய்த்தாள், இன்முகத்தில் நகைபூத்தாள்."

'இராசம்மாள் பிரிவுப் பாமாலை' என்று தலைப்புப் போட்டு, அட்டனில் கலியாணப் பத்திரிகையும் மாதா திருவிழா நோட்டீசும் அடிக்கிற றோலண்டிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். றோலண்டின் அச்சுக்கூடம் என்பது ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், ஒரு றோலண்ட். பக்கத்துக்குப் பத்து ராசம்மா வந்ததில் இரண்டாம் பக்கத்திலேயே 'ம்மா' எழுத்துத் தீர்ந்துபோயிற்று. இரண்டிரண்டு பக்கமாக அடித்து, எழுத்தைக் கலைத்து, மறுபடி கோத்தார்.

"சம்சாரத்துக்குச் சுருக்கமா வேற பேரு வச்சிருக்கப்படாதா மொதலாளி?" என்று கேட்டாரே தவிர, கூடுதல் வேலைக்குக் கூலி கேட்கவில்லை. புத்தகம் போடுகிறவர்களைப்பற்றி அவருக்கு ஓர் எண்ணம் இருந்தது. கலியாணப் பத்திரிகை அடிக்கிறவன் பத்து நாளில் தெளிந்துவிடுவான். புத்தகம் அடிக்கிறவனுக்குத் தெளியவே தெளியாது, அவனிடம் கறாராக இருப்பது பாவம் என்பார்.

முப்பத்திரண்டாம் பக்கம் மிச்சம் விழுந்தது. வெள்ளையாக விடுவானேன் என்று முத்துலிங்கம் அதில் ஒரு நன்றியுரை எழுதினார். ஆட்டுப்பட்டியில் உதவிய இருபத்து மூன்று பேர், ஒவ்வொருவரின் லயத்து நம்பர், கொண்டு வந்த பொருள், வருஷம், மாதம் எல்லாம் அதில் இருந்தன.

ஐம்பத்திரண்டில் புத்தகம் வந்தது. வந்த பிறகுதான் சேலைக்கும் புத்தகத்துக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குப் புரிந்தது. சேலையை விரித்தால் வாங்காதவளும் தொட்டுப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள், தோளில் போட்டு அண்டை வீட்டுக்காரியிடம் காட்டுவாள். புத்தகத்தை நீட்டினால் ஆண்பிள்ளைகள்கூடக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். சேலை வாங்கினால் புத்தகம் இனாம் என்று சொல்லிப் பார்த்தார். வலப்பனைப் பக்கத்தில் ஒருத்தி, புத்தகத்துக்குப் பதிலாக ஒரு தீப்பெட்டி கொடுக்க முடியுமா என்று மரியாதையாகவே கேட்டாள். ஆட்டுப்பட்டிப் பக்கம் மட்டும் அவர் புத்தகத்தைக் கொண்டு போகவேயில்லை. அங்கேதான் மீனம்மா இருக்கிறாள். நாலாம் வரி யார் மடி என்று அவளுக்குத் தெரியும்.

அப்போது மலைநாடு முழுக்க ஒரே பேச்சு பிரஜாவுரிமைதான். இத்தனை வருஷமாக இந்த நாட்டில்தான் இருந்தோம் என்று எழுத்தில் காட்ட வேண்டும். தேயிலையையும் மலையையும் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. தோட்டத்து ஆள்பதிவான செக்ரோலிலோ, தாய் வைத்த பெயர் ஒன்றாகவும் மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு எழுதிய பெயர் வேறொன்றாகவும் இருந்தது. தாளில் பெயர் உள்ளவன் ராஜா. அந்த நேரத்தில் ஆட்டுப்பட்டி மாயாண்டி அட்டனில் தேத்தண்ணீர் குடிக்கப் போன கடையில், கயிற்றில் தொங்கிய பாமாலையை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினான். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவன். 'ஏழாம் லயம் மாயாண்டி, 1938 ஐப்பசி, விறகு' என்று அச்சில் தன் பெயரைக் கண்டவன் தேத்தண்ணீரை வைத்துவிட்டு ஓடினான்.

மறுவாரமே இருபத்து மூன்று புத்தகம் விற்றது. விற்காத பிரதிகள் கிடந்த றோலண்ட் கடைவாசலில் ஆள் நிற்கிறது என்று கேள்விப்பட்டு, தமிழ் வாழ்ந்துவிட்டது என்றே முத்துலிங்கம் நினைத்தார். ஆட்டுப்பட்டியிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் பாட்டு எப்படி என்று விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நன்றியுரைத் தாளைக் கிழித்து விண்ணப்பத்தோடு வைக்க எல்லாரும் பத்திரப்படுத்திவிட்டார்கள். மீதி முப்பது பக்கத்து ராசம்மா பால்சட்டிக்கு மூடியாகவும், அடுப்புக்கு விசிறியாகவும், தொட்டில் கட்டையின் ஆட்டத்தை நிறுத்துகிற முட்டாகவும் நல்லபடியாக உழைத்துக் கொண்டிருந்தாள்.

இதற்கு நடுவே, பட்டியலில் இல்லாதவர்கள் வந்து அச்சுக்கூடத்தை மொய்த்தார்கள். ராசம்மாவுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தவர்கள் மட்டும் நாற்பது பேர் இருந்தார்கள். கொத்மலையிலிருந்து வந்த ஒருவர், தான் அப்போது அந்தத் தோட்டத்தில் இல்லை, ஆனால் இருந்திருந்தால் கட்டாயம் உதவியிருப்பேன் என்று சத்தியம் செய்தார். இரண்டாம் பதிப்பில் நன்றியுரையைப் பத்துப் பக்கமாக்கிப் பாட்டை ஒரு பக்கமாகச் சுருக்கலாம் என்று றோலண்ட் யோசனை சொன்னார். நடக்காததை அச்சில் போடமாட்டேன் என்று முத்துலிங்கம் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு நாலாம் வரி ஞாபகம் வந்து, அன்று சாப்பிடவில்லை.

மறுவருஷம் பிரஜாவுரிமை விசாரணைக்கு அதிகாரி ஐயா வரப்போகிறார் என்று செய்தி வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது: கிழித்த தாள் செல்லாது, முழுப் புத்தகமாக வேண்டும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேள்வியும் கேட்பார்கள். ஆட்டுப்பட்டியில் பால்சட்டிகள் திறந்தன. சோற்றுப் பசையால் தாளை ஒட்டினார்கள். காலையில் பெரட்டுக்கு நின்று பேர் கொடுத்து, மலைக்குப் போய், கொழுந்து நிறுத்து வீடு திரும்பியதும் ஏழாம் லயத்து முற்றத்தில் கூடினார்கள். மாயாண்டி வாசிக்க, மற்றவர்கள் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். எழுத்தறியாத இருபத்திரண்டு பேருக்கும் ராசம்மாவின் பதினோரு நாளும் ராகத்தோடு பாடமாயிற்று.

கேட்டதும் முத்துலிங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு சாயங்காலம் போய் முற்றத்து ஓரமாக நின்றார். தன் பாட்டை மற்றவர் வாயால் கேட்பது அதுதான் முதல் தடவை. பத்தாம் நாள் வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பதினோராம் நாள் வந்தது. நாலாம் வரியை எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். மீனம்மா மட்டும் வாய் அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் எழுந்து வந்து, "தேத்தண்ணி குடிக்கிறீங்களா அண்ணே?" என்று மட்டும் கேட்டாள். அவர் குடித்தார். அதில் சீனி போட்டிருந்ததா என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

விசாரணை தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. முத்துலிங்கத்தையும் வரச் சொல்லியிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் தாடையில் முட்ட உட்கார்ந்திருந்தார். ஐயா சிங்களவர், பக்கத்தில் ஒரு கிளார்க் தமிழ்ப்படுத்தினார். முதலில் போன மாயாண்டியிடம் அந்த அம்மாளுக்கு என்ன செய்தாய் என்று கேட்டதும், அவன் கைகட்டிக்கொண்டு மூன்றாம் பக்கத்திலிருந்து ராகம் எடுத்தான். அடுத்தவரும் அதே ராகம். ஏழாவது ஆளும் "என்மடியில் தலைசாய்த்தாள்" என்று இழுத்தபோது ஐயா பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொன்னார்.

"இது விசாரணையா, பஜனையான்னு ஐயா கேக்குறாரு," என்றார் கிளார்க்.

அடுத்தது மீனம்மா. அந்த அம்மாள் இறக்கும்போது பக்கத்தில் யார் இருந்தது என்று கேட்டார்கள். மீனம்மா முத்துலிங்கத்தை ஒரு பார்வை பார்த்தாள். புத்தகம் சரி என்றால் லயத்துக்கே அதுதான் சாட்சி. தப்பு என்றால் இருபத்து மூன்று பேருடைய சாட்சியும் தப்பு. முத்துலிங்கத்துக்குக் கட்டை விரல் தானாகச் சுருண்டது.

"பொஸ்தகத்துல இருக்கறது சரியில்லீங்க," என்றாள் மீனம்மா. "அண்ணன் அங்க இல்லீங்க. டாக்டர கூட்டியாறதுக்காக நானுஓயாவுக்குச் சேல விக்கப் போயிருந்தாரு. அந்தம்மா தல எம்மடியிலதான் இருந்துச்சு. நான் இந்த நாட்டுல இல்லேன்னா அப்ப அது யாரு மடிங்க?"

ஐயா முத்துலிங்கத்தின் பக்கம் திரும்பினார். எழுதியது நீர்தானே, எது உண்மை என்று கேட்டார்.

முத்துலிங்கம் எழ முயன்றார். பெஞ்சும் கூடவே எழுந்தது. "நான் அங்க இல்லீங்க," என்றார். பதினைந்து வருஷமாக மூட்டையின் அடியில் கிடந்ததை எடுத்து வெளியே போட்டது போல இருந்தது.

ஐயா புத்தகத்தை மூடித் தள்ளி வைத்தார். காலையிலிருந்து இப்போதுதான் ஒருத்தி கண்ணால் கண்டதைச் சொல்லுகிறாள் என்று கிளார்க்கிடம் சொன்னார். சாகும்போது அந்த அம்மாள் ஏதாவது பேசினாளா என்று கேட்டார்.

"பேசுனாங்க," என்றாள் மீனம்மா. "இன்முகமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. ஒரே ஏச்சு. 'அந்த மனுசன் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காது மீனம்மா. பார்டரு சாயம் போகும்னு சொல்லிப்புட்டுச் சேலையத் தூக்கிக்கிட்டுத் திரும்பி வரும், பாரு'ன்னாங்க. அதான் கடைசி."

கிளார்க்குக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. மீதியையும் சிங்களத்தில் சொல்லி முடித்ததும் ஐயா சத்தமாகவே சிரித்தார். சிரித்து முடித்து, அந்தச் சேலை என்ன ஆயிற்று என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் முத்துலிங்கத்தின் பக்கம் திரும்பினார்கள். ஐயா மறுபடி கேட்கவில்லை.

அதன்பிறகு பாட்டு நின்று பேச்சுத் தொடங்கிற்று. மாயாண்டியை மறுபடி கூப்பிட்டார்கள். ராசம்மாவிடம் வாங்கிய துண்டு சாயம் போனதற்குச் சண்டை போட வந்ததாகவும், ஆள் காய்ச்சலில் கிடந்ததால் சண்டையை ஒத்திவைத்துவிட்டு விறகு வெட்டிக் கொடுத்ததாகவும், சண்டை இன்னும் பாக்கி இருப்பதாகவும் சொன்னான். ராசம்மா கஞ்சியில் உப்பில்லை என்று கிண்ணத்தைத் தள்ளியதை ஒருத்தி சொன்னாள். காய்ச்சலோடு காய்ச்சலாகத் தனக்கு ஒரு ரவிக்கைத் துணி விற்றதை இன்னொருத்தி சொன்னாள். முத்துலிங்கம் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தன் பாமாலையில் பதின்மூன்று வருஷம் தேடியும் கிடைக்காத பெண்பிள்ளை அன்று மத்தியானம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நடமாடினாள். அவர் எழுதியிருந்தது யாரோ ஒரு தேவதை.

யாருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று தெரிய இன்னும் சில வருஷம் ஆயிற்று. அது வேறு கதை. அதில் சிரிக்க அதிகமில்லை. மீனம்மாவுக்குக் கிடைத்தது என்பதை மட்டும் சொல்லிவிடலாம்.

விசாரணை முடிந்த மறுநாள் முத்துலிங்கம் றோலண்டிடம் போய் ஒரு சின்னத் தாள் அடிக்க வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்ததை றோலண்ட் இரண்டு தடவை வாசித்தார்.

"பிழை திருத்தம்னா எல்லாரும் அச்சுக்காரன் தலையிலதான் போடுவாங்க. எழுதுனவரு தானா வந்து எம்பிழைன்னு சொல்றது இந்தக் கடையில இதான் மொதத் தடவ," என்று சொல்லி, திருவிழா நோட்டீசில் மிஞ்சிய மஞ்சள் தாளில் சும்மாவே அடித்துக் கொடுத்தார்.

அதை எடுத்துக்கொண்டு ஆட்டுப்பட்டிக்குப் போனார். மஞ்சள் தாளும் விண்ணப்பத்துக்கு ஆகுமா என்று மாயாண்டி கேட்டான். மீனம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தனக்கு வாசிக்கத் தெரியாது, வாசித்துக் காட்டச் சொன்னாள். அவர் வாசித்தார்: "இருபத்தேழாம் பக்கம், நாலாம் வரி. 'என்மடியில்' என்பதை 'மீனம்மா மடியில்' என்று திருத்தி வாசிக்கவும். 'நகைபூத்தாள்' என்பதை 'ஏசினாள்' என்று திருத்தி வாசிக்கவும்."

"பாட்டு ஒதைக்குதே அண்ணே," என்றாள் மீனம்மா.

ஒதைக்கட்டும் என்றார்.

அவள் தாளை வாங்கி நாலாக மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, வந்ததுதான் வந்தீர்கள் என்று மூட்டையை அவிழ்க்கச் சொன்னாள். அடிவரை கிளறினாள். கடைசியில் ஒரு மயில்கழுத்து நிறத்தை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பார்டரை விரலால் தேய்த்தாள்.

"சாயம் போகுமா?"

முத்துலிங்கம் தன் வலதுகால் கட்டை விரலைப் பார்த்தார். அதை யாரும் மிதிக்கவில்லை.

"போகும் தங்கச்சி," என்றார்.