ஜலஜாவின் குரலில் திட்டிய மெஷின்

1996ஆம் வருஷம் ஆடித் தள்ளுபடி தொடங்கிய வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு, பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில் ராஜரத்தினம் நடத்திவந்த வீடியோ கேம்ஸ் கடையில், அமெரிக்காவில் செய்த, பொத்தானை அமுக்கி மட்டையால் இரும்புப் பந்தைத் தட்டி ஆடும் பின்பால் மெஷின் ஒன்று மயிலாப்பூர் ஜலஜாவின் குரலில் பேசத் தொடங்கியது. "கண்ணு எங்கடா இருக்கு உனக்கு? பந்தைப் பாருடா, மண்டு!" என்பது அது சொன்ன முதல் வாக்கியம். அன்று தக்காளி கிலோ ஆறு ரூபாய். மழை இல்லை.

மெஷின் துறைமுகத்தில் பழைய சாமான்கள் ஏலத்தில் வந்தது. கப்பல் கொள்ளைக்காரி ஒருத்தியைப் பற்றிய ஆங்கிலப் படத்துக்காகச் செய்தது. மேலே இருந்த கண்ணாடியில் அவள் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். மற்ற மெஷின்களைவிட ஐந்தங்குலம் அகலம் கூடுதல் என்பதால், கடைக் கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது. ஆடத் தெரிந்தவர்கள் அதற்கு எருமை என்று பெயர் வைத்தார்கள். மற்றவற்றில் பந்து வெறிபிடித்ததுபோல் பாயும். இதில் கோயில் பிராகாரம் சுற்றுவதுபோல் சாவகாசமாகச் சுற்றிவிட்டு, ஒரு சத்தமும் இல்லாமல் இரண்டு மட்டைகளுக்கும் நடுவே இறங்கிப் போய்விடும். நொச்சிக்குப்பத்தில் காலையில் மீன் விற்றுவிட்டுப் பதினோரு மணிக்கு ஆட வரும் கங்காதரன்தான் அந்தக் கடையில் கைதேர்ந்தவன். அவனே இரண்டு வாரம் அதனிடம் தோற்றான். "டைம் கீதுன்னு நெனைக்க வெச்சே கவுத்துடுது நைனா" என்று ராஜரத்தினத்திடம் சொன்னான். அகலமான மெஷின் சோம்பேறி மெஷின் என்று ஒரு கட்சியும், அதில் ஜெயித்தவனே ஆட்டக்காரன் என்று ஒரு கட்சியும் வாசல் டீக்கடையில் உருவாயின. குரல் வந்த பிறகு இரண்டு கட்சிகளும் வரிசையில் நின்றன.

அந்தக் கப்பல்காரி படம் இரண்டு வருஷத்துக்கு முன் தமிழில் டப்பிங் செய்யப்பட்டபோது, அவளுக்குச் சாலிகிராமத்து ஸ்டூடியோவில் குரல் கொடுத்தவள் ஜலஜா. ஆனால் மெஷின் பேசிய எதுவும் அந்தப் படத்தில் இல்லை. முப்பத்தொன்பது வயது ஜலஜா, பதினேழு வருஷமாக மைக்குக்கு முன்னால் நின்று, சொல்லாமல் விழுங்கிய வாக்கியங்கள் அவை. வடக்கேயிருந்து வந்து தமிழில் ஒரு வார்த்தை தெரியாமல் வாயசைத்துவிட்டுப் போன கதாநாயகிகளுக்காக அவள் அறுபத்திரண்டு படங்களில் சிரித்தாள், கெஞ்சினாள், பிரசவ வலியில் கத்தினாள், செத்தாள். ஒன்றின் டைட்டிலிலும் அவள் பெயர் வரவில்லை. டப்பிங் பொறுப்பாளர் ஜவஹரிடம் வருஷத்துக்கு ஒரு தடவை கேட்பாள். அவர் வருஷத்துக்கு ஒரு தடவை, "ஹீரோயின் குரல் ஹீரோயினோடதுன்னு ஜனங்க நம்பணும்மா, அதுதான் சினிமா" என்பார். நாலு வருஷத்துக்கு முன், நாலு நிமிஷம் அழும் காட்சி ஒன்றுக்காக ஒரு நடிகைக்குப் பரிசு கொடுத்தார்கள். அழுகைச் சத்தம் முழுக்க ஜலஜாவினுடையது; பதினோரு தடவை அழவைத்து எடுத்தது. விழா மேடையில் ஜவஹரே மைக்கைப் பிடித்து, நடிகை தமிழ் கற்றுக்கொண்டு சொந்தக் குரலில் பேசியதாகச் சொன்னார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஜலஜா, எல்லோரும் கைதட்டியதால் தானும் தட்டினாள். அந்தக் கைதட்டலுக்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

ஒரே குரல் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. ஆகவே அந்த வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்குச் சாலிகிராமத்தில், "என்னை விட்டுப் போயிடாதீங்க" என்று சொல்ல வாயைத் திறந்த ஜலஜாவுக்குக் காற்று மட்டும் வந்தது. லஸ் கார்னர் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தொண்டை கழுவி வைத்த பாத்திரம்போல இருக்கிறது என்றார். ராஜரத்தினம் கடையைச் சாத்தியதும் குரல் திரும்பி வந்துவிடும். காலையில் பால்காரனோடு சண்டை போடுகிற அளவுக்கு நன்றாகவே இருக்கும். கடை திறக்கும் பத்து மணிக்குப் போய்விடும். டப்பிங் வேலை பத்துக்குத்தான் ஆரம்பம். மூன்றே வாரத்தில் ஜவஹர் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். ஒருத்தரும் வீட்டுக்கு வந்து விசாரிக்கவில்லை, குல்சுமைத் தவிர.

குல்சும் கூட்டத்தில் ஒருத்தியாகக் கத்துவதற்கும், குழந்தை அழுவதற்கும் குரல் கொடுப்பவள். முண்டகக்கண்ணி அம்மன் கோயில் பக்கம் ஜலஜா குடியிருந்த போர்ஷனுக்கு மூச்சிரைக்க வந்தாள். "அக்கா, உன் தொண்டைல ஒண்ணும் இல்லக்கா. உன் குரல் பாண்டி பஜார்ல கீது. ஒரு டோக்கன் போட்டா திட்டுது. ஜனம் சிரிச்சுக்கினு நிக்குது" என்றாள்.

மறுநாள் இருவரும் 12B பஸ் ஏறிப் போனார்கள். முப்பது ஆண்கள் மெஷினைச் சுற்றி நின்றிருந்தார்கள். பந்து விழுந்தது. மெஷின் ஜலஜாவின் குரலில், "பேரைப் போடுங்கோன்னு கேட்டா நான் என்ன உங்க சொத்தையா கேட்டுட்டேன்? வெக்கமா இல்லே?" என்று கேட்டது. யாரைக் கேட்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் அதேபோல இழுத்துப் பேசிக்காட்டினான். ஜலஜாவுக்கு உள்ளங்கால் சுட்டது. ஜவஹர் மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் அந்த மெஷின் மேல் வந்தது. இதுவும் கேட்காமல் எடுத்துக்கொண்டது. இதிலும் தன் பெயர் இல்லை. குல்சும்தான் பேசினாள்: இது இந்த அம்மாவின் குரல், மெஷினை நிறுத்து. ராஜரத்தினம் மெஷினைச் சுற்றிவந்து, குனிந்து அடியிலும் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், உங்க பேரு எங்கயாச்சும் எழுதிக்கீதா?" என்றார். நிஜமாகவே விசாரிக்கிற தொனியில்தான் கேட்டார்.

அது ஜலஜா பதினேழு வருஷமாகக் கேட்ட பதில்தான். அவள் கூட்டத்தைத் தோளால் இடித்துக்கொண்டு மெஷினிடம் போனாள். ஆடிக்கொண்டிருந்த கங்காதரன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மீதி ஆட்டத்தை விட்டுக்கொடுத்து விலகினான். பின்பால் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. பக்கத்துக்கு ஒன்றாக இருந்த பொத்தான்களை ஓங்கி ஓங்கி அடித்தாள். பந்து நேராக நடுவில் இறங்கிப் போனது. அடுத்ததும் அப்படியே.

"எக்கா, இது அகலம் ஜாஸ்தி" என்றான் கங்காதரன். "சாத்துனா கேக்காது. வர்ற வரிக்கும் வுடு. கிட்டக்க வந்தப்புறம் அடி."

மூன்றாவது பந்தை அவள் வரவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு, அது இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருந்து, மட்டைக்கு வந்தபோது அடித்தாள். மணி அப்போது பதினொன்று பத்து. மெஷின் ஆட்டக்காரர்களைத் திட்டுவதை நிறுத்தியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் படம் என்று ஆரம்பித்தது. வருஷம், ஸ்டூடியோ, எந்தக் கதாநாயகி, எந்த வசனம், எத்தனை தடவை எடுத்தார்கள், காய்ச்சலோடு பேசியது எது, அப்பாவைத் தகனம் செய்த மறுநாள் போய்க் காதல் வசனம் பேசியது எது. ஒவ்வொரு படத்தின் முடிவிலும், "குரல் என்னோடது. பேர் போடலே" என்றது. ஐந்தாவது படத்தில் சிரிப்பு நின்றது. இருபதாவதில் தள்ளுபடித் துணிப்பைகளோடு பெண்கள் சந்துக்குள் வந்து நின்றார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வந்தார்கள். போக்குவரத்து போலீஸ்காரர் கூட்டத்தைக் கலைக்க வந்து, முப்பதாவது படத்தைத் தான் குடும்பத்தோடு பார்த்ததாகச் சொல்லி அங்கேயே நின்றுவிட்டார். பந்து விழவில்லை.

மூன்று மணிவாக்கில் யாரோ போன் செய்து ஜவஹர் வந்தார். நாற்பதாவது படம் ஓடிக்கொண்டிருந்தது. "நிறுத்துய்யா அதை" என்று கத்தினார். ராஜரத்தினம் பிளக்கைப் பிடுங்கினார். பிளக் கையில் இருந்தது, மெஷின் பேசிக்கொண்டிருந்தது. அவர் பிளக்கைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், பிளக்கை ஸ்டூல்மேல் பத்திரமாக வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். ஜவஹர் ஜலஜாவின் முதுகைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டு, "உனக்கு நான் என்னம்மா குறை வெச்சேன்? எத்தனை படம் குடுத்திருக்கேன்" என்றார். அவள் மட்டைக்கு வந்த பந்தைத் தட்டினாள். அடுத்தது அந்தப் பரிசு வாங்கிய படம். மெஷின் பதினோரு அழுகையையும் வரிசையாக அழுது காட்டியது. அந்தச் சந்தில் நின்றவர்கள் அத்தனை பேரும் ஜவஹரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தரும் அவரை அடிக்கவில்லை. ஆனால் வெளியே போக வழியும் விடவில்லை. மீதி இருபத்தோரு படங்களையும் அவர் நின்றபடியே கேட்டார்.

அறுபத்திரண்டு முடிந்ததும் ஜலஜா தானாகவே பொத்தான்களிலிருந்து கையை எடுத்தாள். பந்து உருண்டு நடுவே இறங்கியது. மெஷின் அணைந்தது. அவள் தொண்டைக்குள் சூடாக ஏதோ வந்து உட்கார்ந்தது. திரும்பி ஜவஹரைப் பார்த்து, பகல் வேளையில் ஒரு மாதத்துக்குப் பிறகு பேசினாள்: "என் குரலை நான் எடுத்துண்டு போறேன். உங்க படத்தை நீங்களே வெச்சுக்கோங்கோ."

சொன்னதுபோலவே எடுத்துக்கொண்டு போனாள். அந்த ஞாயிறு மாலை டிவியில் போட்ட படத்தில் கதாநாயகியின் வாய் அசைந்தது, குரல் இல்லை. கொலுசுச் சத்தம், மழை, கதாநாயகன், வில்லன், நாய் எல்லாம் கேட்டது. புதன்கிழமை டிவி நிலையத்துக்கு நாலு சாக்கு போஸ்ட் கார்டுகள் வந்தன. லேபில் பிரிண்ட்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஜலஜா பேசிய இடமெல்லாம் ஒலிப்பட்டை துடைத்துவிட்டதுபோல வெறுமையாக இருந்தது. அறுபத்திரண்டும் அப்படித்தான். தயாரிப்பாளர்கள் பழங்களோடு மயிலாப்பூருக்கு வந்தார்கள். ஜலஜா பழத்தை வாங்காமல் ஒரே ஒரு விஷயம் சொன்னாள்: டைட்டிலில் தனியாக ஒரு கார்டு, அதில் பெயர். முப்பத்தெட்டுப் படங்களுக்குப் போட்டார்கள். கார்டை ஒட்டிய அன்றே குரல் வந்துவிட்டது. மற்ற இருபத்துநாலும் ஜவஹர் சொந்தப் பணத்தைப் பங்காகப் போட்டவை. அவர் மாட்டேன் என்றார். வேறு குரல் போட மூன்று பேரை அழைத்தார். அவர்கள் பேசியது லேபுக்குப் போவதற்குள் அழிந்துபோயிற்று. நாலாவதாகக் குல்சுமைக் கூப்பிட்டார், கதாநாயகிக்கே பேசலாம் என்று. "போ சார், வேற வேல இருந்தா பாரு" என்று குல்சும் போனை வைத்தாள். பிறகு ஜலஜாவிடம் வந்து அரைமணி நேரம் அழுதாள், அவளுக்கு அந்த வேலையின்மேல் அத்தனை ஆசை இருந்தது. தான் அடுத்துப் பேசிய படத்தில் குல்சுமின் குழந்தை அழுகைக்கும் தனியாக ஒரு கார்டு போடவைத்தாள் ஜலஜா.

மெஷின் அதற்கப்புறம் சாதாரண மெஷினாக ஓடியது. கங்காதரன் அதில் ஜெயிக்கத் தொடங்கினான். ஜெயித்ததும் சுவாரஸ்யம் போய்விட்டது என்றான். ராஜரத்தினம் அதை அசோக் நகரில் ஒருவருக்கு விற்றார். கோபம் தணிந்ததா என்று கேட்டவர்களிடம் ஜலஜா, எதுக்குத் தணியணும் என்று கேட்டாள். மெட்ராஸ் சென்னையாகி, தக்காளி பன்னிரண்டு ரூபாயாகி, ஜவஹர் டப்பிங் தொழிலைவிட்டு அடையாறில் கல்யாண மண்டபம் கட்டிய பிறகும் அவள் காலையில் பால்காரனோடு அதே சத்தத்தில்தான் பேசினாள்.

இருபத்துநாலு படங்களும் இன்னும் ஊமைதான். முதலில் ஜனங்கள் சேனலை மாற்றினார்கள். பிறகு மந்தைவெளியிலோ திருவான்மியூரிலோ ஏதோ ஒரு வீட்டில், கதாநாயகியின் வாய் அசைந்தபோது, காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் அந்த வாய்க்குத் தனக்குத் தோன்றியதைப் பேசினாள். அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டிலும் பேசினார்கள். அவை அந்தக் கதைக்குப் பொருத்தமான வசனங்கள் அல்ல. பெரும்பாலும் நாத்தனாரையும், ஆபீசரையும், பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த புருஷனையும் பற்றியவை. 1999 வாக்கில் அந்தப் படங்களுக்குத்தான் அதிகமாக நேயர் விருப்பக் கடிதங்கள் வந்தன. படம் தொடங்குமுன் அறிவிப்பாளர், வானிலை வாசிக்கிற அதே குரலில், இந்தப் படத்தில் கதாநாயகிக்குக் குரல் கிடையாது, வீட்டில் இருக்கும் பெண்கள் பேசிக்கொள்ளலாம் என்று அறிவிப்பார். பேசினார்கள்.