ஊமைக்கத்தரி வெட்டிய முடி

ஊமைக்கத்தரி வெட்டிய முடி தரையில் விழுந்தால் இரும்புச் சாமான் விழுந்த சத்தம் கேட்கும். எல்லோருடைய முடியும் அல்ல. அவனுடைய சலூன் நாற்காலியில் உட்கார்ந்து மனதில் கிடந்ததைக் கொட்டிவிட்டவர்களின் முடி மட்டும்தான். முதன்முதலாக அப்படி விழுந்தது ஒரு மழை நாள் மத்தியானம், பஸ் டிப்போ கணக்கருடைய காதோர முடி. அவர் யாரும் கேட்காமலே கண்ணாடியைப் பார்த்து என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என்ன என்பது இன்றுவரை தெருவுக்குத் தெரியாது, அது தெருவுக்குப் பெரிய குறைதான். டமார் என்று விழுந்த கற்றையில் தரை டைல் விரிசல் விட்டது. கணக்கர் பின்கழுத்தைத் தடவிப் பார்த்து, இவ்வளவு லேசாக இருந்து எத்தனை காலமாயிற்று என்று சொல்லிவிட்டு, குடையை மறந்து மழையில் நனைந்தபடி போனார்.

சலூன் ஊமைக்கத்தரியின் அப்பாவுடையது. மீசைக்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். கடையில் இரண்டு நாற்காலிகள். ஜன்னலோர நாற்காலி மீசைக்காரருக்கு. யார் யாரோடு ஓடிப்போனார்கள், யார் வீட்டில் அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்றது என்பதெல்லாம் அங்கேதான் வெளியாகும். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து நாற்காலி மகனுக்கு. அவன் வாயிலிருந்து "தலையக் கொஞ்சம் சாய்ங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வந்ததில்லை. பெயர் அப்படி வந்ததுதான்.

அவனும் சும்மா இருந்துவிடவில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டான். வந்தவர்கள் சத்தமாகச் சொன்னார்கள். ரேடியோவை அலறவிட்டான், அவன் காதை வாயருகே இழுத்துவைத்துச் சொன்னார்கள். மாதா கோயிலில் கடைசி வரிசைக்கும் பின்னால், கதவருகே நின்று பழக்கப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரே பீடத்துக்கு முன்னால் போய், "என்னைய விட்ரு, எனக்கு முடி வெட்டத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்ததாகப் பூ அலங்காரம் செய்கிறவள் சொன்னாள். அதற்குப் பிறகு கூட்டம் இன்னும் கூடியது. விழுந்த முடி துடைப்பத்துக்கு அசையாமல், மண்வாரியால் அள்ளி இரும்புக் கடைக்காரரின் தள்ளுவண்டியில் ஏற்ற வேண்டியதாயிற்று. தெருவும் டைலைப் படிக்கக் கற்றுக்கொண்டது. மெல்லிசாகக் கீறியிருந்தால் பொய் புரட்டு, மூலை பெயர்ந்திருந்தால் சொத்துத் தகராறு என்று வைத்துக்கொண்டார்கள். சீப்பு வாங்குகிற சாக்கில் வந்து தரையைப் பார்த்துவிட்டுப் போனவர்கள், தலையில் ஒரு முடி இல்லாதவர்கள் உட்பட, ஏராளம்.

பேக்கரிக்காரர் முடி வெட்டிக்கொண்ட அன்று டைல் இரண்டாகப் பிளந்தது. மறுநாள் அவர் மனைவி மாவுக் கையோடு வந்து நின்றாள்.

"தம்பி, எங்க வீட்டுக்காரர் என்ன சொன்னாரு?"

"முடிய ஒட்ட வெட்டச் சொன்னாருக்கா."

"அதுக்கா டைலு ரெண்டாப் பொளந்துச்சு? தெரியாதுங்கிறியா, சொல்ல மாட்டேங்கிறியா?"

"சொல்ல மாட்டேன்க்கா."

மீசைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "சொல்லித் தொலையேன்டா! நீ என்ன சாமியாரு மாதிரி பாவசங்கீர்த்தனமா கேக்குற? முடிதானே வெட்டுற?"

அந்த வார்த்தையைக் கடைக்குள் முதலில் கொண்டுவந்தது அவர்தான் என்பதைத் தெரு இன்றும் அவருக்கு நினைவுபடுத்தத் தவறுவதில்லை. ஊமைக்கத்தரியின் கை அப்படியே நின்றது. சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த ஆள் வெகுநேரம் நுரையோடே உட்கார்ந்திருந்தார்.

விஷயம் பங்குச் சாமியார் காதுக்கும் போனது. எப்படிப் போனது என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. எல்லாமே எப்படியோ போய்ச் சேரத்தான் செய்கிறது. அவர் கோபத்தோடுதான் படியேறினார்.

"குருப்பட்டம் வாங்காம ஊர்ப் பாவத்தையெல்லாம் கேக்குறியாமே?"

"நான் கேக்கல சாமி. அவங்களாச் சொல்றாங்க. ஆனா ஒண்ணு. அடுத்த மாசமே திரும்பி வர்றாங்க. அதே பாரம். முடியோட சேந்து அதுவும் வளந்துடுது."

"வளராம?"

"வெட்டத்தான் முடியுது சாமி. 'போ, மன்னிச்சாச்சு'ன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. அது எனக்கு வேணும்."

திட்ட வந்த சாமியாருக்குத் திட்டு மறந்துபோனது. யாரும் கூப்பிடாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் என்ன சொன்னாரோ, முடி விழுந்த அதிர்வில் மேலே ஓடிய காத்தாடி ஆட்டம் கண்டது. அதற்கு மேல் தெருவுக்குத் தகவல் இல்லை.

அன்று சாப்பிடும்போது ஊமைக்கத்தரி குருமடத்துக்குப் போவதாகச் சொன்னான். அம்மா அங்கே முடி வெட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று நினைத்து, "சாப்பாடு அவங்க போடுவாங்களாடா?" என்றாள். மகன் சாமியாராகப் படிக்கப் போகிறான் என்று மீசைக்காரருக்கு மட்டும் சட்டென்று புரிந்துவிட்டது.

"ரெண்டாவது நாற்காலிய யாருக்குடா குடுப்பேன்? போனா இந்தப் படி ஏறாத. பெத்த பிள்ளைய ஃபாதர்னு கூப்பிட என் வாயில வராது."

"கூப்பிட வேணாம்ப்பா. ஆனா போவேன்."

அவர் மகனுடைய செருப்பை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அவன் வெறுங்காலோடு போனான். படிப்பு போதாது என்று குருமடத்தில் திருப்பி அனுப்பினார்கள். ஊருக்கு வராமல் வாசலிலேயே உட்கார்ந்து படித்து மறுபடியும் கதவைத் தட்டினான். பிறகு வருஷங்கள் போயின. அம்மா மட்டும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இளைத்துவிட்டான் என்று தெருவெல்லாம் சொன்னாள். மீசைக்காரர் உடைந்த டைலை மாற்றவில்லை, இரண்டாவது நாற்காலியில் யாரையும் உட்காரவிடவும் இல்லை.

இதற்கிடையில் அவருடைய மீசை கனக்க ஆரம்பித்தது. முதலில் தலை லேசாகக் குனிந்தது, பிறகு மோவாய் நெஞ்சில் வந்து முட்டியது. சாப்பிடும்போது மீசையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொள்வார். கத்தரி வைத்தால் கத்தரிதான் மழுங்கியது. மகனுக்குக் குருப்பட்டம் கொடுத்த அன்று, ஊரே கோயிலில் இருக்க, அவர் காலியான தெருவில் கடையைத் திறந்துவைத்துத் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலுக்கு வாருங்கள் என்று பங்குச் சாமியார் சொல்லிப் பார்த்தார். "முடி எடுக்கணும்னா சலூனுக்குத்தான் வரணும். முடிஞ்சா அவன் வரட்டும்" என்றார், குனிந்த தலையை நிமிர்த்த முடியாவிட்டாலும் குரலை மட்டும் நிமிர்த்தி.

அவன் வந்தான். நீள அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துப் படியேறினான்.

"படி ஏறாதன்னு சொன்னேன்ல?"

"ஏறிட்டேன்ப்பா. உக்காருங்க."

ஷட்டர் இறங்கியது. தெரு முழுக்க ஷட்டரில் காதை வைத்தது. வெகுநேரம் ஒரு குரல் முணுமுணுத்தது, பிறகு இன்னொரு குரல் சுருக்கமாக என்னவோ சொன்னது, அப்புறம் கத்தரிச் சத்தம். இரும்புக் கடைக்காரர் தள்ளுவண்டியோடு தயாராக நின்றார். பேக்கரிக்காரர் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் காத்திருந்தார்கள். ஒன்றும் விழவில்லை.

ஷட்டர் ஏறியபோது மீசைக்காரர் மொழுமொழுவென்ற உதட்டோடு, கழுத்தை நிமிர்த்தி நின்றிருந்தார். துடைப்பத்தை எடுத்து ஒரே தள்ளு தள்ளினார். முடி காற்றில் எழும்பி வாசலுக்கு வந்தது. ஒரு கற்றை பேக்கரிக்காரர் மனைவியின் தோளில் உட்கார்ந்தது.

அவள் அதைக் கவனிக்கவில்லை. "சாமி, அப்பா என்ன சொன்னாரு?" என்றாள்.

"மீசைய எடுக்கச் சொன்னாருக்கா."

அவள் தோளைப் பார்த்து உஃப் என்று ஊதினாள். முடி பறந்துபோனது.