ஜோதிக்கு வந்த நடுக்கம்

“ஆத்தா வந்திருக்கறப்ப மாத்திரைய நீட்டறியே, கண்ணு அவிஞ்சு போச்சாடா உனக்கு?”

“ஆத்தாவும் இல்ல ஒண்ணும் இல்லம்மா! பழைய சீக்கு திரும்பிருச்சு. ரெண்டு மாத்திரை சேத்துப் போட்டா அடங்கிரும். வழிய உடு!”

சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில் மத்தியானம் மூன்று மணிக்கு இப்படிச் சத்தம் வந்தால் நான் எப்படி வீட்டில் உட்கார்ந்திருப்பேன்? பிழிந்த துணியை வாளியிலேயே போட்டுவிட்டு ஓடினேன். எனக்கு முன்னால் ஆறு பேர். ஒருத்தி கையில் எலுமிச்சம்பழம் வேறு.

நடுவில் ஜோதி. கத்திய சின்னாயியின் மருமகள், மாத்திரையோடு நின்ற தீனதயாளனின் சம்சாரம். இரண்டு வருஷத்துக்கு முன் நாலு நாள் பொட்டுத் தூக்கமில்லாமல், வீட்டுப் பாத்திரத்தையெல்லாம் தெருவுக்கு அள்ளிக் கொடுத்தவள். (எனக்கு வந்த இட்லிப் பானையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், சாட்சி உண்டு.) அப்புறம் அந்த மனச்சீக்குக்கு லித்தியம் மாத்திரை சாப்பிட்டு நன்றாகத்தான் இருந்தாள். அந்த மாத்திரையே தேவைப்படாமல் போகட்டும் என்று சின்னாயி மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, ஆடி பிறந்ததும் மருமகளுக்கு உப்பில்லாச் சோறு போட ஆரம்பித்தாள். அன்றைக்கு ஒன்பதாம் நாள்.

ஜோதிக்குக் கையும் காலும் உதறின. குழறிக் குழறி என்னவோ சொன்னாள்.

“வாக்கு சொல்றா!” என்றாள் சின்னாயி.

எலுமிச்சம்பழக்காரி முன்னால் நகர்ந்தாள். நானும் நகர்ந்தேன், பொய் சொல்வானேன். ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். அருள் வந்த கண்ணை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இது கிணற்றுக்குள்ளிருந்து மேலே பார்க்கிறவளின் கண்.

எதிர்வீட்டு அமிர்தசாமியின் மகள் அக்சிலியா மனநல ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து வந்தவள் பையைக்கூட இறக்காமல் உள்ளே நுழைந்தாள்.

“ஜோதியக்கா, இந்தத் தண்ணி டம்ளரப் புடிங்க.”

தண்ணீர் பூராவும் ஜோதியின் மடியில். பிடித்து நிறுத்தினால் ஓரடி வைப்பதற்குள் சாய்ந்தாள்.

“வாந்தி எடுத்தாங்களா?”

“காத்தால இருந்து. வயித்தாலயும் போவுது,” என்றான் தீனதயாளன்.

“சாப்பாடு?”

சின்னாயி பெருமையாக விரதத்தைச் சொன்னாள். அக்சிலியா பாய்ந்து தீனதயாளனின் கையைப் பிடித்தாள்.

“குடுக்காதீங்கண்ணா! உப்பு கொறஞ்சா இந்த மருந்து ஒடம்ப உட்டுப் போகாது, உள்ளயே சேந்து வெசமாயிரும். இது பழைய சீக்கு இல்லீங்க.”

“காத்தாலயே ஒண்ணு சேத்துக் குடுத்துட்டனே அம்முணி…” என்றான் தீனதயாளன்.

“சர்ச்சுக்குப் போற வேதக்காரப் புள்ளைக்கு எங்க ஆத்தாளப் பத்தி என்ன தெரியும்? விரதத்தக் கெடுக்க வந்துட்டா!” என்று சீறினாள் சின்னாயி.

அக்சிலியா கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டா இருந்தது? பார்த்ததையும் கேட்டதையும் வைத்துச் சொன்னாள், அவ்வளவுதான். தப்பாகப் போனால் இந்தத் தெரு அவளை மென்று துப்பிவிடும். முதல் வாய் என்னுடையதாகத்தான் இருக்கும். அது அவளுக்கும் தெரியும்.

“பெரிம்மா, ஆத்தா வந்தா கொஞ்ச நேரத்துல மலையேறிருவாங்க இல்லீங்களா? இது காத்தால இருந்து ஒரு நிமிசம் நிக்கலியே. ஆத்தாவே இருந்தாலும் ஆட்டோவுல கூட வரட்டுங்க. நான் வேண்டாங்கல.”

சின்னாயி வாய் திறப்பதற்குள் ஜோதி விறைத்து, வெட்டி வெட்டி இழுத்தாள். வாயோரத்தில் நுரை. இரும்பைக் கொடுத்தால் நிற்கும் என்று நான் சாவிக்கொத்தை நீட்டினேன். அக்சிலியா அதைத் தட்டிவிட்டு, ஜோதியை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். வாயில் எதையும் வைக்க விடவில்லை. இழுப்பு நின்றது.

“தூக்குடா,” என்றாள் சின்னாயி. “என் புள்ளையத் தூக்குடா.”

ஐந்து நாள் ஐசியூ, இரண்டு தடவை டயாலிசிஸ். ரத்தத்தில் மருந்து விஷமாக ஏறியிருந்தது, இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கதை வேறு என்றாராம் டாக்டர். ஜோதி பிழைத்தாள்.

நம் ஜனம் விடுமா? எலுமிச்சம்பழக்காரி எங்கே போய் என்ன சொன்னாளோ, ஜோதியிடம் வாக்குக் கேட்க ஜேடர்பாளையத்திலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். கதவு தட்டும்போதெல்லாம் ஜோதி குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். பார்த்தான் தீனதயாளன், ஐப்பசியில் ஈரோட்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு அவளோடு போய்விட்டான். சின்னாயி அவர்களோடு போகவில்லை. தம்மம்பட்டியில் மகள் வீட்டில் இருக்கிறாள். அக்சிலியாவுக்குத் தை மாதம் ஜெனிஷ் என்கிற பையனோடு கல்யாணமாகி, இப்போது ஓசூரில்.