கித்தானுக்குள் அடங்காத மூக்கு

"படத்தை இந்தப் பக்கம் திருப்புங்க முசியே. நான் பார்க்கணும்."

ஓவியர் வசேரின் கையிலிருந்த தூரிகை அப்படியே நின்றது. பாரிஸின் மோன்மார்த்தர் பகுதியில் ஓவியர் முன்னால் உட்கார வரும் பெண்களுக்கு முதல் நாளே சொல்லிவைக்கும் பாடம் இது: குளிருது என்று சொல்லலாம், பசிக்குது என்று சொல்லலாம், படத்தைக் காட்டு என்று மட்டும் வாயைத் திறக்கக் கூடாது.

சிதோனி திறந்தாள். குளிர்காலம் முழுக்கக் கூலி வாங்காமல் உட்கார்ந்தவள். கண்காட்சியில் அவள் முகத்தை நாடகக் கொட்டகை முதலாளி பார்ப்பார், வேஷம் கொடுப்பார் என்பது வசேர் கொடுத்த வாக்கு. அந்த முகம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டாமா?

அவளே எழுந்துபோய்ப் பார்த்தாள். அவளுக்கு உடுத்திவிட்டிருந்த ஜப்பானிய அங்கியான கிமோனோ, படத்தில் பிரமாதம். அதிலிருந்த கொக்கு ஒவ்வொன்றுக்கும் கண் இருந்தது. பாதிப் படத்தை அவள் கையில் கொடுத்திருந்த விசிறி அடைத்துக்கொண்டிருந்தது. சிதோனிக்குக் கிடைத்தது ஒரு காதும் கொஞ்சம் கன்னமும். மூக்கோடு சேர்த்து மீதியைக் கித்தானின் ஓரம் வெட்டித் தள்ளியிருந்தது.

"என் மூஞ்சி எங்க?"

"ஜப்பான்காரன் இப்படித்தான் வெட்டுவான், பொண்ணே. உனக்கு எங்க புரியப்போகுது! மூக்கு வரையறதெல்லாம் பழைய ஆளுங்க வேலை."

"சுவர்ல ஒட்டியிருக்கீங்களே ஜப்பான் படம், அந்தப் பொம்பளைங்களுக்கு மூக்கு இருக்கே? கொக்குக்கெல்லாம் கண்ணு வச்சீங்க, எனக்கு வைக்க மனசு வரலையா?"

அந்த நேரம் பார்த்து முராகி உள்ளே வந்தார். வசேருக்கு அச்சுப் படங்களும் விசிறிகளும் விற்கும் ஜப்பானிய வியாபாரி. சிதோனியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வலப்பக்கத்தை மேல போட்டுக் கட்டியிருக்கீங்களே, முசியே... எங்க ஊர்ல பொணத்துக்குத்தான் இப்படிக் கட்டுவோம்."

பாரிஸ் பெண்களின் மேலங்கி அப்படித்தான் மூடும். அந்தப் பழக்கத்தில் வசேரே தன் கையால் கட்டிவிட்டது. ஒரு கணம் திருதிருவென்று விழித்தவர், உடனே மலர்ந்துவிட்டார்.

"பொணமா? ஆகா! அதையே தலைப்பா வச்சிடலாம். பாரிஸே வாய் பிளக்கும்! பொணத்துக்கு மூக்கு எதுக்கு? போ, போய் உட்காரு. அசையாத."

சிதோனி அசைந்தாள். கிமோனோவை அவிழ்த்தாள். அடியில் அவளுடைய கறுப்பு உடை, காலில் பூட்ஸ். படத்தில் முகம் இல்லையென்றால் கிளம்பிவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்து, எதையும் கழற்றாமல்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

மூலையில் நின்ற ஆளுயர மரப்பொம்மையின் மேல் கிமோனோவைப் போர்த்தினாள்.

"இதுக்கும் மூக்கு இல்ல, முசியே. பசிக்காது, கேள்வியும் கேக்காது. வரைஞ்சு தள்ளுங்க. நாடகக்காரரை நானே போய்ப் பார்த்துக்கறேன். மூஞ்சி என்கிட்டதானே இருக்கு."

முராகி சிரிப்பை அடக்கிக்கொண்டு வழிவிட்டார். அவள் படியிறங்கிப் போனாள்.