கம்பி பிரேக்

கோலப்பன் மருமகளிடம் பேசி ஆறு வருடம் ஆகிறது. வேலைக்கெல்லாம் போக வேண்டாம் என்று அவர் சொன்னதற்கு மறுநாள்தான் சுஜா திங்கள்சந்தையில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் யூனிட்டில் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். அன்றைக்கு மூடிய வாய். அதற்காக அவளுக்குச் சொல்ல வேண்டியதை அவர் சொல்லாமல் விட்டதும் கிடையாது. முற்றத்துக் கோழியிடம் சொல்வார். நாகேந்திரன் வீட்டில் இருந்தால் மகனிடம் சொல்வார், அவள் காது கேட்கிற தூரத்தில் நிற்கிறாளா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு. சுஜாவும் பழகிக்கொண்டாள். சோற்றை மேசைமேல் வைத்து, "ஒங்க அப்பாவ சாப்பிடச் சொல்லுங்க" என்று, கணவன் இல்லாத வீட்டில் சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

இப்போது சண்டை சைக்கிளின் பிரேக்கைப் பற்றி.

சைக்கிள் கோலப்பனுடையது. கறுப்பு, உயரமான ஆண்கள் வண்டி. ஹேண்டில் பாரிலிருந்து கம்பி இறங்கி, ரப்பர் கட்டையை ரிம்மின் உட்பக்கத்தில் அழுத்துகிற பழைய பிரேக். கண்ணில் புரை எடுத்ததிலிருந்து மூன்று வருடமாக அவர் அதில் ஏறவில்லை. இந்தக் கோடையில் காலை பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அடுத்த பஸ்ஸில் போனால் யூனிட்டில் வேலை தொடங்கியிருக்கும். இனி பிந்தினால் வரவே வேண்டாம் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டாள். ஸ்கூட்டர் நாகேந்திரனுக்கு வேண்டும். "அப்பாவுக்க சைக்கிள் சும்மாதானே நிக்கு, எடுத்துட்டுப் போ" என்று அவன்தான் சொன்னான். சொல்லிவிட்டு, அதை அப்பாவிடம் தெரிவிக்கிற வேலையை மட்டும் மறந்துபோனான்.

சுஜா பள்ளி நாட்களில் சைக்கிள் ஓட்டியவள். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, குறுக்குக் கம்பியைத் தாண்டிக் காலைப் போட்டு ஏறினாள். கோழிகளுக்கு அன்று நிறையச் செய்தி கிடைத்தது.

வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு நல்ல இறக்கம். நடுவில் ஒரு வளைவு, வளைவில் செல்லக்கனியின் மதில், கீழே ஜல்லி ஏற்றிய டாரஸ் லாரிகள் ஓயாமல் போகும் ரோடு. வெயில் இருந்தவரை பிரேக் அரைகுறையாகப் பிடித்தது. செருப்பைத் தரையில் தேய்த்துச் சமாளித்தாள். மழை தொடங்கியபின் ஒரு திங்கட்கிழமை அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் இறுக்கினாள். வண்டி கேட்கவில்லை. கீழே ஒரு லாரி மெதுவாகக் குறுக்கே நகர்ந்துகொண்டிருந்தது, முடியவே முடியாத நீளத்தில். ஹேண்டில் பாரைத் திருப்பி மதிலில் மோதினாள்.

செல்லக்கனி ஓடி வந்து தூக்கிவிட்டாள். "ஏட்டி சுஜா, எங்க மதிலு ஒனக்கு என்னத்த செஞ்சு?" என்றாள். முழங்கை தோல் உரிந்து ரத்தம் வருவதைப் பார்த்தபிறகு, "சவத்த விடுட்டி. நீ மாட்டுனா அந்த லாரிக்காரனுக்குல்லா கேசு" என்றாள்.

ரோட்டோரம் சைக்கிள் கடை வைத்திருக்கும் செல்வதாஸ் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. சேறு அப்பிய சக்கரத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தான். "எக்கா, இந்தக் கம்பி பிரேக்க இன்னும் நம்பிட்டு இருக்கியளா? ஒயர் பிரேக்கு போடுவோம். ஆனா இந்த ரிம்முக்கு அது சேராது. ரெண்டு ரிம்மும் மாத்தணும். நல்ல ஸ்டீல் ரிம்மு இருக்கு, துருவே பிடிக்காது. முன்னால ஃபோர்க்கும் மாத்தணும்."

சாயங்காலம் நாகேந்திரன் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் அதைச் சொன்னாள். கோலப்பன் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

"லேய் நாகேந்திரா, ரிம்ம மாத்தி, ஃபோர்க்க மாத்தி, பிரேக்க மாத்தி, பின்ன எனக்க சைக்கிளுன்னு அதுல என்னலே இருக்கும்? ஆளையும் மாத்திரச் சொல்லு."

"மாமனுக்க சைக்கிளு வேணும்னு யாரும் ஆசப்படலன்னு சொல்லுங்க. எறங்குனா நிக்கணும். அதுதான் வேணும்."

"இந்த எறக்கத்துல தேங்காச் சாக்க வச்சுட்டு முப்பது வருசம் எறங்கியிருக்கேன் பாத்துக்க. ஒரு மதிலுல முட்டல்ல. பிரேக்குக்கு ஒரு கேடும் இல்ல. பிடிக்க கைக்குதான் கேடு."

"அந்தக் கை பொங்குன சோறுதான் இப்பம் எறங்கிட்டு இருக்குன்னு சொல்லுங்க."

நாகேந்திரன் இருவரையும் பார்க்காமல், "அந்த ரசத்த இங்க தள்ளு" என்றான்.

அதற்குப்பின் சுஜா சைக்கிளை மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டே இறங்கி, அங்கிருந்துதான் ஏறிப் போனாள். பிந்தியது. யூனிட்டில் முதலாளியம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். காலர் தைத்துக்கொண்டிருக்கும்போது சுஜாவின் மனம் செல்வதாஸின் கடையிலேயே நின்றது. ஸ்பேனர் திரும்புகிறது, கம்பிகள் ஒவ்வொன்றாகக் கழன்று தரையில் விழுகின்றன. அந்தச் சத்தம் அவளுக்கு இனித்தது. அப்படி இனிப்பதை அவள் கவனித்தாள். முழங்கை காய்ந்து வந்தது. பிரேக்கை மாற்றும் ஆசை மட்டும் நாளுக்கு நாள் ஊறி வந்தது. எனக்கு வேண்டியது பிரேக்தானா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். பதில் வருவதற்குள் நூல் அறுந்தது. அறுந்தது நல்லதென்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை கரண்ட் இல்லாமல் யூனிட்டைச் சீக்கிரம் பூட்டினார்கள். வழக்கத்துக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்து, சைக்கிளைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, அடுப்படியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே மாமனார் தெரிந்தார். கையில் பழைய வேட்டித் துணி, பக்கத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. அவள் வந்ததும் வண்டியை அவர் துடைப்பது தினம் நடப்பதுதான். தான் தொட்டதைத் துடைக்கிறார் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். அருகில் போய்ப் பார்த்தது கிடையாது. தேங்காய் எண்ணெய் வாசனை வரும்போதெல்லாம் செயினுக்கு என்று நினைத்துக்கொள்வாள்.

அவர் முதலில் சேற்றைத் துடைத்தார். பிறகு துணியைச் சிரட்டையில் முக்கினார். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, எண்ணெய்த் துணியால் ரிம்மைப் பிடித்தார். வெளிப்பக்கம், உட்பக்கம், ஒவ்வொரு ஆரக்கம்பிக்கும் இடையில். பிரேக் கட்டையையும் விடவில்லை. குழந்தைக்குத் தேய்ப்பதுபோல விரலால் நீவிவிட்டார்.

சுஜா தம்ளரைக் கீழே வைத்தாள்.

மண்டைக்காட்டுக் கடல் பக்கத்திலிருந்து வரும் உப்புக்காற்றுக்கு இரும்பு என்று ஒன்று மிஞ்சாது. ஜன்னல் கம்பி, கிணற்று ராட்டினம், பூட்டு, எல்லாவற்றிலும் இங்கே தேங்காய் எண்ணெய் பூசுவார்கள். அவர் ஓட்டிய காலத்தில் சைக்கிள் நிற்காமல் ஓடியது, பூச வேண்டியிருக்கவில்லை. நின்றுபோன பிறகு பூசத் தொடங்கியிருக்கிறார். மழையில் அவள் கொண்டுபோய்ச் சேறாக்கிக் கொண்டுவரத் தொடங்கியபின் தினமும். பிரேக் கட்டை அழுத்துகிற அதே இடத்தில். அவளைக் கொல்ல நினைத்துப் பூசவில்லை என்று அவளுக்கு உடனே தெரிந்தது. அவர் முகத்தில் அவள் இல்லவே இல்லை. ரிம்தான் இருந்தது.

தெரிந்தும், அவள் நெஞ்சில் எழுந்தது வேறு. பிடி கிடைத்துவிட்டது என்றிருந்தது. ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் போதும், பிரேக் பிடிக்கும். எதையும் மாற்ற வேண்டாம். அப்படியானால் அவர் சொன்னது சரியாகிவிடும். பிரேக்குக்கு ஒரு கேடும் இல்லை. அதைவிட, ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் அஜிதாவும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது சொல்லலாம். ஒங்க அப்பா தினமும் பிரேக்குல எண்ணெ தேச்சு என்னைய லாரிக்கு அனுப்புகாரு. அவர் வாயடைத்து நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். சொற்களை அவள் அன்று முழுக்க மனதில் அடுக்கி வைத்துக்கொண்டாள்.

ஆனால் சனிக்கிழமை காலையிலேயே கோலப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். ஸ்டாண்டைத் தட்டினார்.

"பிரேக்கு பிடிக்கல்லையாம்," என்று கோழிகளிடம் சொன்னார். "நான் இப்பம் எறங்கிக் காட்டுகேன். எந்த மதிலு குறுக்க வருகுன்னு பாப்போம்."

நாகேந்திரன் குழாயடியில் வாய் நிறைய நுரையோடு நின்றான். கையை ஆட்டி என்னவோ சொன்னான். அது வேண்டாம் என்பதாகவும் இருக்கலாம், போய்வாருங்கள் என்பதாகவும் இருக்கலாம்.

சுஜா துடைப்பத்தோடு முற்றத்தில் நின்றிருந்தாள். மாமா என்று கூப்பிட்டால் போதும். ஆறு வருடமாகக் கூப்பிடாத சொல் என்பதால் வாய் வரவில்லை என்று பிற்பாடு தன்னிடம் சொல்லிப் பார்த்தாள். அந்தச் சமாதானம் நிற்கவில்லை. அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார். எண்ணெய் வாசனையும் கூடவே போனது. கேட்டைத் திறந்தார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். போகட்டும் என்று ஒன்று அவளுக்குள் அமைதியாக உட்கார்ந்திருந்தது. அது கோபமாக இருந்திருந்தால் அவளுக்கு அடையாளம் தெரிந்திருக்கும். அதற்கு அவசரமே இல்லை. அவர் வளைவில் இரண்டு கையாலும் இறுக்குவதையும் வண்டி கேட்காததையும் அது முன்கூட்டியே பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் இடது காலைப் பெடலில் வைத்துத் தத்தினார். அப்போதுதான் துடைப்பம் கையிலிருந்து விழுந்தது. ஓடினாள். இறக்கம் தொடங்கும் இடத்தில் கேரியரைப் பிடித்து முழு உடம்போடும் பின்னால் இழுத்தாள். வண்டி சாய்ந்தது. மூவரும் விழுந்தார்கள், அவளும் அவரும் சைக்கிளும்.

"ஏலே, பிடிச்சு இழுக்காளே," என்றார் கோலப்பன் மண்ணில் கிடந்தபடி.

"ரிம்முல எண்ணெ இருக்கு மாமா."

அவர் அவளைப் பார்த்தார். ஆறு வருடத்துக்குப்பின் நேராகப் பார்த்தார். பக்கத்தில் சுழன்றுகொண்டிருந்த சக்கரத்தின் ரிம்மை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிரேக்கை மறுகையால் அழுத்தினார். சக்கரம் கட்டையைப் பொருட்படுத்தாமல் ஓடியது. அவர் அழுத்திக்கொண்டே இருந்தார்.

"எப்பம் பாத்த?" என்று கேட்டார். மெல்லிய குரல்.

அவள் கண் அடுப்படி ஜன்னல் பக்கம் போய்த் திரும்பியது. அதுவே பதிலாகிவிட்டது அவர் கண்ணில் தெரிந்தது. நேற்றே தெரிந்தவள், கேட் திறக்கும்வரை நின்று பார்த்தவள். வேறு யாருக்கும் இது தெரியப்போவதில்லை; இவருக்குத் தெரியும்.

நாகேந்திரன் நுரையைத் துப்பிவிட்டு ஓடி வந்தான். "என்ன சுஜா? அப்பாவ தள்ளி விட்டியா?"

கோலப்பன் எழுந்து வேட்டியில் மண்ணைத் தட்டினார். உள்ளங்கையில் சிராய்ப்பு. "ஆமா. பிடிச்சு இழுத்துப் போட்டா," என்றார் மகனிடம். எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "இனி எனக்கு அந்த எளவு வேண்டாம். கொண்டு போய் என்னத்த வேணும்னாலும் மாத்தட்டு. வித்துத் தின்னட்டு."

நாகேந்திரன் மனைவியைப் பார்த்த பார்வைக்கு விளக்கம் சொல்ல அவளால் முடியும். அடுக்கி வைத்த சொற்கள் அப்படியே இருந்தன. அவற்றைத் தொட அருவருப்பாக இருந்தது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் இறங்கினாள். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும் என்பது நினைவிலிருந்தது. கழுவலாம். நாளைக்கு அவர் மறுபடி பூசுவார், அல்லது பூசமாட்டார். தினமும் காலையில் அவள் ரிம்மைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒருநாள் அவர் ஏறினால், தொட்டுப் பார்த்தவள் அதைச் சொல்வாளா மாட்டாளா என்று அவளுக்கே உறுதியில்லை. அந்த உறுதியின்மையோடு ஒரே கூரையின் கீழ் சோறு வடிக்க முடியாது.

"எல்லாத்தையும் மாத்திரு," என்றாள் செல்வதாஸிடம். "துரு பிடிக்காத ரிம்மு. எண்ணெயே தேவைப்படாதது."

"நான் அன்னைக்கே சொன்னேம்லா எக்கா," என்று அவன் ஸ்பேனரை எடுத்தான்.

முன் சக்கரத்தைக் கழற்றும்போது போன் அடித்தது. நாகேந்திரன். "கழட்டுனத இங்க கொண்டு வரணுமாம். ரிம்மு, கம்பி எல்லாம்."

"கேக்க வேண்டிய ஆள கேக்கச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் போன் கைமாறுகிற சத்தம். மூச்சு மட்டும் கேட்டது. சுஜா வைக்கவில்லை. செல்வதாஸ் ஒரு கம்பியைத் தரையில் போட்டான். அந்தச் சத்தம் அவள் எதிர்பார்த்த மாதிரி இல்லை. சும்மா இரும்பு விழுகிற சத்தம்.

"ஒண்ணுவிடாம வேணும்," என்றார் கோலப்பன், அவளிடம்.

"நீங்களே வந்து எடுத்துக்கிடுங்க மாமா," என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.